அம்பலும் அம்பலமும்

கேள்வி: 'அவன் குட்டு அம்பலமாயிற்று' என்கிறோம். என் மகளின் பாடப்புத்தகத்தில், சங்கப் பாடல்களில் வரும் 'அம்பல்' என்றால் ஊர்ப்பேச்சு என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே சொல்தானா? – வாசகி, மன்னார்குடி

பதில்: கேட்க ஒன்று போல இருக்கிறதே தவிர, பொருளில் கிட்டத்தட்ட நேர் எதிர். அம்பலம் என்பது ஊர் கூடும் பொது இடம். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியில் வருவது அதுதான்; சிதம்பரத்துப் பொன்னம்பலம், ஊர்த் தலைவருக்கு வழங்கிய அம்பலக்காரர் என்ற பட்டம், மலையாளத்தில் கோயிலையே அம்பலம் என்பது, எல்லாம் அந்த வழிதான். ஆக, ரகசியம் அம்பலமானது என்றால் ஊர் நடுவே வந்து நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அம்பல் அதற்கு முந்தைய கட்டம், வாய்க்குள்ளேயே நடக்கிற பேச்சு. களவு என்னும் ரகசியக் காதலுக்கு இலக்கணம் சொல்லும் நூலின் பழைய உரையான இறையனார் களவியல் உரை இதை அழகாகப் பிரிக்கிறது: விரியப்போகிற மொட்டு மாதிரி, யார் என்ன என்று தெளிவாகச் சொல்லாமல் முணுமுணுப்பது அம்பல், இன்னாரோடு இன்னாள் என்று பூ மலர்ந்தது போல வெளிப்படையாகப் பேசுவது அலர். (அலர் என்றாலே மலர்வதுதானே.) பெயரைப் போடாமல் 'மூன்றெழுத்து நடிகை' என்று பத்திரிகைகள் எழுதுகிற கிசுகிசு இருக்கிறதே, என்னைக் கேட்டால் அது சுத்தமான அம்பல். கிசுகிசு, குசுகுசு எல்லாம் காதோரம் பேசும் சத்தத்திலிருந்தே பிறந்த இரட்டைக்கிளவிகள், அவற்றுக்கு வேர் தேடி அலைய வேண்டாம்.

அம்பலும் அலரும் சேர்ந்து வருகிற பாட்டு வேண்டுமென்றால் நற்றிணை 149, உலோச்சனார் பாடியது. தெருப் பெண்கள் சிலரும் பலருமாகக் கூடி, கடைக்கண்ணால் பார்த்து, மூக்கின் நுனியில் சுட்டுவிரலை வைத்து அம்பல் தூற்றுகிறார்கள்; இன்றைக்கும் ஆச்சரியப்பட்டால் விரல் அங்கேதான் போகிறது! பேச்சு வீடு வரை வந்துவிட, அம்மா காதலில் விழுந்த மகளைச் சின்னக் கோலைச் சுழற்றி அடிக்கிறாள். அப்புறம் என்ன, நள்ளிரவில் தேரில் வருகிற காதலனோடு போய்விடுவது என்று முடிவாகிறது. பாட்டு முடியும்போது சொல் மாறிவிடுகிறது, கவனியுங்கள்: 'அலர் சுமந்து ஒழிக இவ் அழுங்கல் ஊரே' (இந்த ஆரவார ஊர் அலரைச் சுமந்துகொண்டே கிடக்கட்டும்). ஓடிப்போன பிறகு ஊர் எதற்கு முணுமுணுக்க வேண்டும், சத்தமாகவே பேசட்டும் என்றுதான்.