ஆண்ட்ராய்டு போன் ஸ்க்ரோல் பண்ணும்போது திக்குவதும், தொட்டதற்குத் தாமதமாக அசைவதும் ஏன்? சரிசெய்ய முடியுமா?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன்: எட்டு கோர் பிராசஸர், 120 ஹெர்ட்ஸ் திரை என்று விளம்பரம் பார்த்து வாங்கிய போன், ஒரு வருடம் போவதற்குள் ஸ்க்ரோல் பண்ணினால் திக்குகிறது, கீபோர்டில் எழுத்து பிந்தி விழுகிறது, பூஸ்டர் ஆப் போட்டால் சரியாகுமா, இல்லை ஆண்ட்ராய்டே இப்படித்தானா என்று கேட்கிறார். நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவன். அதனாலேயே சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் போன் எல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் என் மேஜைக்கு வந்துவிடும்.

பூஸ்டர் ஆப் வேண்டாம், இருந்தால் இன்றைக்கே தூக்கிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் எளிது. போன் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கும் பிராசஸரின் வேகத்திற்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தம் இல்லை. நேரம் தவறாமைதான் விஷயம். 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 தடவை தன் படத்தைப் புதுப்பிக்கும், அதாவது 16.67 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. அதற்குள் ஆப் அடுத்த படத்தை, ஃப்ரேம் என்கிறோமே அதை, வரைந்து கொடுத்துவிட வேண்டும். 17 மில்லி விநாடி ஆகிவிட்டால்? திரை காத்திருக்காது, பழைய படத்தையே இன்னொரு முறை காட்டிவிட்டுப் போய்விடும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்து விடுவார்களே, நம் முறை வரும்போது மண்வெட்டியோடு வயலில் நிற்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் பிந்தினாலும் அடுத்த முறைவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான், அதே கணக்கு. அதனால் ஒரு விநாடியில் 57 ஃப்ரேம் வந்தது என்று சராசரி சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. விடுபட்ட மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அதைத்தான் கண் பிடித்துக்கொள்ளும்.

இப்போது விரல் பட்டதிலிருந்து என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொடுதிரையின் சிப் தொட்ட இடத்தைக் கண்டுபிடித்து, இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலுக்குச் சொல்லும். அங்கிருந்து இயங்குதளத்தின் இன்புட் பகுதி அதை எடுத்து, இது எந்த ஆப்புக்குப் போக வேண்டியது என்று பார்த்து அந்த ஆப்பின் மெயின் த்ரெட்டுக்கு, அதாவது ஆப் தன் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் முக்கிய வரிசைக்கு, அனுப்பும். ஆப் அடுத்த திரைத் துடிப்பில், விசின்க் என்பார்கள், முதலில் தொடுதலைக் கவனித்து, பிறகு அனிமேஷனை நகர்த்தி, பிறகு எது எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து வரையும். வரைந்ததை ஜிபியு, அதாவது படம் வரைவதற்கென்றே இருக்கும் பிராசஸர், நிறைவு செய்யும். அடுத்த துடிப்பில் சர்ஃபேஸ்ஃப்ளிங்கர் என்ற பகுதி, ஆப்பின் படம், மேலே இருக்கிற ஸ்டேட்டஸ் பார், கீழே இருக்கிற நேவிகேஷன் பார் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும். அதற்கும் அடுத்த துடிப்பில்தான் அது கண்ணாடிக்கு வரும். ஆக எல்லாம் ஒழுங்காக நடந்தாலே சாதாரணமாக இரண்டு ஃப்ரேம் தாமதம் உள்ளேயே இருக்கிறது, 60 ஹெர்ட்ஸில் அது 33 மில்லி விநாடி. 120 ஹெர்ட்ஸ் போன் கையில் எடுத்ததும் ‘சட்டென்று கேட்கிறதே’ என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் காத்திருப்பு பாதியாகக் குறைவதுதான்.

‘ஆண்ட்ராய்டே இப்படித்தானா’ என்ற கேள்வி 2011-இல் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அப்போது ஆப்பின் உள்படங்களை வரைகிற வேலை பெரும்பாலும் போனின் பொதுவான பிராசஸரான சிபியு தலையில்தான் இருந்தது. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 ஹனிகூம்பில்தான் அந்த வேலையை ஜிபியுவிடம் தள்ளும் வழி வந்தது, அதுவும் டேப்லெட்டுக்கு. அதே வருடக் கடைசியில் 4.0 வந்தபோது போனுக்கும் வந்தது. ஆனால் ஜிபியுவைக் கொண்டுவந்தும் திக்கல் போகவில்லை. ஏனென்றால் ஆப் தனக்குத் தோன்றிய நேரத்தில் வரைய ஆரம்பிக்கும். 8 மில்லி விநாடி வேலைதான், ஆனால் துடிப்பு விழுந்து 10 மில்லி விநாடி கழித்து ஆரம்பித்தால் அதுவும் தவறிவிடும். பலம் இருந்தும் நேரம் தெரியாமல் வேலை பார்த்த கதை.

2012-இல் 4.1 ஜெல்லி பீனில் ‘பிராஜெக்ட் பட்டர்’ என்று பெயர் வைத்து இதைத்தான் கையில் எடுத்தார்கள். தொடுதல், வரைதல், அடுக்குதல், திரை எல்லாமே ஒரே விசின்க் தாளத்திற்கு நடக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். துடிப்பு விழுந்த உடனே வரையத் தொடங்கினால் 16 மில்லி விநாடி முழுசாகக் கையில் இருக்கும். அப்புறம் மூன்றாவது பஃபர். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதில்தான் உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது.

அதுவரை இரண்டு பஃபர், அதாவது படம் வரைந்து வைக்கிற இரண்டு இடம். ஒன்று திரையில் காட்டப்படுகிறது, மற்றதில் ஜிபியு வரைகிறது. ஜிபியு ஒரு தடவை பிந்திவிட்டால் இரண்டு இடமும் நிரம்பிவிடும், சிபியு அடுத்த படத்தைத் தொடங்க இடமில்லாமல் சும்மா நிற்கும். ஒரு ஃப்ரேம் தவறியதோடு போகாமல் அடுத்ததும் தவறும், அதற்கடுத்ததும் தவறும். மூன்றாவது இடம் ஒன்று கொடுத்தால் சிபியு நிற்காமல் அடுத்ததைத் தொடங்கிவிடும், ஒரு தடவை திக்கியதோடு ஓட்டம் சீராகிவிடும். சரி, அப்படியென்றால் நான்கு, ஐந்து என்று வைத்துக்கொண்டே போகலாமே என்று கேட்கலாம். போகலாம், ஆனால் வரிசையில் படம் கூடக் கூட விரல் போட்ட கட்டளை திரைக்கு வருவது ஒவ்வொரு ஃப்ரேமாகப் பிந்தும். ஸ்க்ரோல் வழவழவென்று இருக்கும், ஆனால் விரலுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். வழுக்கலும் உடனடி அசைவும் ஒன்றையொன்று விலை கேட்கிற சமாச்சாரங்கள். அதனால்தான் மூன்றாவது இடத்தைத் தேவைப்படும்போது மட்டும் தொடுகிற மாதிரி வைத்தார்கள். இதுபோக, சும்மா கிடந்த போனைத் தொட்டதும் சிபியு வேகத்தைச் சட்டென்று ஏற்றுவது, படம் திரைக்கு வரும் நேரத்தில் விரல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பது, இவையும் அதே 4.1-இல் வந்தவை.

2014-இல் 5.0 வந்தபோது ரெண்டர் த்ரெட் என்று ஒன்றைத் தனியாகப் பிரித்தார்கள். ஜிபியுவோடு பேசும் வேலை மெயின் த்ரெட்டை விட்டு அங்கே போனது. மெயின் த்ரெட் எங்காவது மாட்டிக்கொண்டாலும் பட்டனைத் தொட்டால் பரவும் அந்த வட்ட அலை போன்ற சில அனிமேஷன்கள் நிற்காமல் ஓடும். ஐபோன்காரர்கள் பெருமையாகச் சொல்வதற்கும் இதுபோல ஒரு காரணம் உண்டு, அங்கே திரைக்குப் படம் சேர்க்கும் வேலை ஆப்புக்கு வெளியே தனிப் புரொசஸில் நடக்கிறது.

ஆக இன்றைக்கு இயங்குதளம் தன் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டது. மிச்சத் தகராறு ஆப்பிலும் ஸ்டோரேஜிலும் சூட்டிலும் இருக்கிறது.

வண்ணார்பேட்டையில் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி, எங்கள் வீட்டிற்கு மாதச் சாமான் அவரிடம்தான். ஏதோ ஒரு கம்பெனியின் பில்லிங் ஆப்பைப் போனில் வைத்திருந்தார். “தம்பி, ஒரு தட்டு தட்டுனா கேக்க மாட்டேங்கு. ரெண்டு தட்டு தட்டுனா ரெண்டு பில்லு விழுது. போனுக்குப் பேய் பிடிச்சிருக்கா என்ன?” என்றார். பேய் இல்லை. போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, ஃப்ரேம் நேரத்தைக் கம்பிகளாகக் காட்டும் வசதியை (புரொஃபைல் ஹெச்டபிள்யுயுஐ ரெண்டரிங் என்று இருக்கும்) போட்டுக் காட்டினேன். அடியில் ஒரு பச்சைக் கோடு இருக்கும், அது 16 மில்லி விநாடி எல்லை. பில் போடுகிற பட்டனைத் தொட்டதும் ஒரு கம்பி பச்சைக் கோட்டைத் தாண்டித் திரை உயரத்திற்குப் போய் நின்றது. மெயின் த்ரெட்டிலேயே உட்கார்ந்துகொண்டு டேட்டாபேஸில் எழுதுகிற ஆப்பின் லட்சணம் அது. போனின் ஸ்டோரேஜோ, குட்மார்னிங் படமும் கல்யாண வீடியோவும் சேர்ந்து நிரம்பி வழிகிறது. இதில் கவனிக்க வேண்டியது, மெயின் த்ரெட் மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் தட்டும் தட்டுகள் காணாமல் போவதில்லை. வரிசையில் நிற்கும். த்ரெட் விடுபட்டதும் ஒவ்வொன்றாக உள்ளே போகும். அதனால்தான் இரண்டு பில். ஐந்து விநாடி வரைக்கும் பதில் இல்லை என்றால்தான் ‘ஆப் பதிலளிக்கவில்லை’ என்று இயங்குதளம் பெட்டி காட்டும். அண்ணாச்சிக்கு வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன், பாதித் தொந்தரவு அன்றைக்கே குறைந்தது. மீதிப் பாதி அந்த ஆப்காரர்கள் கையில் இருக்கிறது, நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

உங்கள் போனுக்கும் முதல் வேலை அதுதான். விலை குறைந்த போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் படுத்துவிடும், ஏனென்றால் புதிதாக எழுத இடம் ஒதுக்குவதற்கே பழையதை நகர்த்தி அழித்துக்கொண்டிருக்கும். நாலில் ஒரு பங்காவது காலியாக வைத்துக்கொள்வது என் பழக்கம். ‘விர்ச்சுவல் ரேம்’ என்று இந்த ஸ்டோரேஜிலிருந்தே ரேம் கடன் வாங்கும் வசதி இருந்தால் அணைத்துப் பாருங்கள், மெதுவான ஸ்டோரேஜை ரேம் என்று கூப்பிடுவதால் அது ரேம் ஆகிவிடாது.

பூஸ்டர் ஆப் ஏன் கூடாது என்றால், அது பின்னால் இருக்கும் ஆப்களைக் கொன்று ரேமைக் காலி செய்து காட்டும். நீங்கள் வாட்ஸ்அப்பை மறுபடி திறக்கும்போது அது முதலிலிருந்து எழுந்து வர வேண்டும், அதற்கு சிபியு, ஸ்டோரேஜ், பேட்டரி மூன்றும் செலவு. ரேம் எப்போது போதாது, யாரை வெளியே அனுப்பலாம் என்பதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். பூஸ்டரும் பின்னணியில் ஓடுகிற இன்னொரு ஆப்தானே, விளம்பரத்தோடு.

கீபோர்டு பிந்துவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. கீபோர்டும் தனி ஆப்தான். ஒவ்வொரு எழுத்தும் முதலில் அதன் மெயின் த்ரெட்டுக்குப் போய், அங்கிருந்து நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் ஆப்புக்குப் போக வேண்டும். ஸ்டிக்கர், ஜிஃப், தீம், மூன்று மொழிக் கணிப்பு எல்லாம் போட்டு வைத்திருந்தால் குறைத்துப் பாருங்கள்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வேண்டும் என்றால் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டுங்கள். அங்கே அனிமேஷன் ஸ்கேல் என்று மூன்று இருக்கும், 1-ஐ 0.5 ஆக்கலாம். இதனால் போன் உண்மையில் வேகமாகாது, ஜன்னல் திறக்கிற காட்சியின் நேரம் பாதியாகும், அவ்வளவுதான். ஆனால் மனசுக்கு நல்ல வித்தியாசம் தெரியும், நான் என் போனில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அங்கே இருக்கிற மற்றவற்றை, முக்கியமாக யூடியூப் வீடியோக்களில் சொல்லும் ‘ஃபோர்ஸ் ஜிபியு’ வகையறாக்களை, தொடாமல் இருப்பது நல்லது. ஆப்கள் ஏற்கெனவே ஜிபியுவில்தான் வரைகின்றன.

சூட்டை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை வெயிலில் ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு பைக் ஹேண்டிலில் போனை மாட்டி மேப் பார்த்துக்கொண்டு போனால், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிபியு, ஜிபியு வேகத்தைக் குறைக்கும், திரை வெளிச்சத்தையும் குறைக்கும். காலையில் 12 மில்லி விநாடியில் முடிந்த அதே ஃப்ரேம் மதியம் 20 எடுக்கும். போன் கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், தடிமனான கவரைக் கழற்றி மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டு கேம் ஆடினாலும் இதே கதைதான். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் தொடாத இடத்தில் தொட்டதுபோல் ஆகிறது என்றால் சார்ஜரை மாற்றுங்கள், மலிவு சார்ஜரின் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும்.

கடைசியாக உங்கள் 120 ஹெர்ட்ஸ். அங்கே ஒரு ஃப்ரேமுக்கு 8.3 மில்லி விநாடிதான் கிடைக்கும். திரையை மட்டும் 120-க்குப் போட்டுவிட்டு ஜிபியுவில் சிக்கனம் பிடித்த போன்கள் நிறைய வருகின்றன. அது பத்து ஃப்ரேமை நேரத்திற்குக் கொடுத்துவிட்டு நாலை விடும். கண்ணுக்கு அதைவிடத் தவறாத 60 எவ்வளவோ மேல். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60 அல்லது 90-க்கு மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், திக்கல் குறைந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், பேட்டரியும் கூட நிற்கும். அதற்கும் அசையவில்லை, இடமும் காலியாக இருக்கிறது, எல்லா ஆப்பிலும் ஒரே மாதிரி திக்குகிறது என்றால் மட்டும் படங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். ஒரே ஒரு ஆப்பில் மட்டும் என்றால் ரீசெட் போட்டும் பிரயோஜனம் இல்லை, அந்த ஆப்பை மாற்றுங்கள்.