பழைய காருக்குப் புது சீட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1978 மாடல் அம்பாசிடர், மார்க் 3. முன் சீட்டில் டிரைவர் பக்கம் குழி விழுந்துவிட்டது. ரெக்சின் தையலோரமாகக் கிழிகிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு முழுக்க ஸ்பாஞ்ச் வைத்துவிடலாம் என்கிறார் குஷன் கடைக்காரர். செலவைச் சுருக்கி எப்படிச் செய்வது?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஸ்பிரிங்கை எடுக்க விடாதீர்கள். குழிக்குக் காரணம் பெரும்பாலும் அது அல்ல. அதன் மேல் விரித்திருக்கும் சாக்கும் தேங்காய் நாரும் மட்கிப்போனால், ஸ்பாஞ்ச் சுருள்களுக்கு நடுவே இறங்கிவிடும். ஒன்றிரண்டு சுருள் ஒடிந்திருந்தாலும் வெல்டிங் வேண்டாம். சூட்டில் கம்பியின் பதம் போய், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். கழித்துப்போட்ட வேறு சீட்டிலிருந்து அதே உயரமுள்ள சுருளை எடுத்துக் கட்டுக்கம்பியால் கட்டினால் போதும்.

செலவைக் குறைக்கும் வழி, தையலைத் தவிர மற்ற வேலைகளை நீங்களே செய்வதுதான். சீட்டைக் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையைப் பிடித்திருக்கும் வளையங்களைக் குறடால் விரித்து, உறையைக் கிழியாமல் எடுங்கள். புது உறைக்கு அதுதான் அளவு. ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் முன்பக்கம் எது என்பதும் எழுதிவிட்டுத்தான் தையலைப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது துரு. துறைமுகத்துப் பக்கம் உப்புக்காற்று சீட் சட்டத்தையும் தரைத் தகட்டையும் சேர்த்தே தின்னும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர், அது காய்ந்ததும் எனாமல் அடியுங்கள். தரைவிரிப்பைத் தூக்கித் தரையையும் பாருங்கள். தகடு ஓட்டையாக இருந்தால் டிங்கர் வேலை முதலில், ரெக்சின் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் வெல்டிங் பொறி புது சீட்டில்தான் விழும்.

ஸ்பிரிங் மேல் புதுச் சாக்கு, அதன் மேல் நார்ப் பலகை, பிறகு ஸ்பாஞ்ச். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி (அதாவது கன மீட்டருக்கு 40 கிலோ எடை), 50 மி.மீ. கனம்; முதுகுக்கு 32 டென்சிட்டி போதும். கடையில் எடைபோட்டு வாங்குங்கள்: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 50 மி.மீ. கனத்தில் 40 டென்சிட்டி துண்டு 2 கிலோ இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோதான் என்றால் அது 30 டென்சிட்டி, சீக்கிரமே அமுங்கிவிடும். கனத்தைக் கூட்டினாலும் தொல்லைதான், தொடை ஸ்டீயரிங்கில் இடிக்கும்.

ரெக்சின் 54 அங்குல அகலத்தில் வரும். இரண்டு சீட்டுக்கும் சுமார் 8 மீட்டர், கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடுகளுக்கு 3 மீட்டர். எல்லாவற்றையும் ஒரே உருளையில் வெட்டி வாங்குங்கள். அடுத்த உருளையில் நிறம் கொஞ்சம் மாறும். பின்புறம் பின்னல் துணி உள்ளதாக இருந்தால் வளைவுகளில் சுருங்காமல் இழுபடும். பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல் கேளுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் ஊசி ஓட்டைகளே ரெக்சினைக் கிழித்துவிடும். உங்கள் பழைய உறை தையலோரம் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தையலுக்குத் தையல் 4 மி.மீ. இடைவெளி சரி.

கேள்வி: போன வருடம்தான் டோர் பேடு மாற்றினேன். அடிப்பக்கம் மறுபடி ஊதிவிட்டதே?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். துளைகள் மண்ணால் அடைபட்டிருக்கும், குத்திவிடுங்கள். கதவுக்கும் பேடுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேடு மாற்றும்போது அதைக் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. தாளின் கீழ் ஓரத்தைக் கதவுக்குள் செருகி ஒட்டினால்தான் நீர் உள்பக்கமே வடியும். ஹார்டுபோர்டுக்குப் பதில் 4 மி.மீ. மரைன் பிளைவுட் வெட்டி, ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

கேள்வி: மேல்கூரைத் துணியை ஐப்பசியில் ஒட்டலாமா?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: வேண்டாம். ஈரக்காற்றில் ரப்பர் பசை பிடிக்காது. தை பிறந்ததும் செய்யுங்கள். துணியை இறக்கும்போதே உள்விளக்கு ஒயரையும் மாற்றிவிடுங்கள்.