கச்சேரிக் குரலில் பாப் பாடல்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பல ஆண்டுகளாக ஒரு விதுஷியிடம் கர்நாடக சங்கீதம் கற்று வருகிறாள். அந்த அம்மையார் இப்போது இக்காலப் பாப் பாடல்களை மட்டுமே கொண்ட ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார். ‘இனி அவரைக் கச்சேரிக்கு அழைப்பதா?’ என்று சபாவில் சிலர் கேட்கிறார்கள். அந்த ஆல்பத்தில் பின்குரல் பாட என் மகளையும் அழைத்திருக்கிறார். நான் சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: தாராளமாகச் சம்மதிக்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் (பாடல் வரிகள்) அமைத்தவர். நம் பிள்ளைகள் ஆரம்பப் பாடமாகக் கற்கும் ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற நோட்டுஸ்வரம் (அப்படி மேற்கத்திய மெட்டில் அமைந்த பாடல்) அன்றைய இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டிலேயே அமைந்திருக்கிறது. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி, ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடலைப் பாடினார். இவற்றையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சபாக்காரர்கள் உயிரோடிருக்கும் ஒரு பாடகியிடம் மட்டும் கணக்குக் கேட்பது நியாயமில்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆனால் தங்கள் மகளும் அவளுடைய குருவும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோடி, பைரவி ராகங்களைப் பாடியவருக்குப் பாப் பாடல் எம்மாத்திரம் என்ற எண்ணத்தோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகக்கூடாது. கச்சேரியில் பாடகிக்குத் துணை தம்பூரா. ஸட்ஜமும் பஞ்சமமும் (ஸ, ப) தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அந்த அசையாத தளத்தின்மேல் ஸ்வரம் எவ்வளவு அசைந்தாலும் அழகாகவே இருக்கும். பாப் பாடலில் கிட்டாரும் கீபோர்டும் சில தாள அட்சரங்களுக்கு ஒருமுறை கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) மாற்றிக்கொண்டே போகும். பாடகி பிடித்திருக்கும் அதே காந்தாரம் (‘க’ ஸ்வரம்) ஒரு கார்டின்மேல் இனிமையாகவும் அடுத்த கார்டின்மேல் ஏக்கமாகவும் கேட்கும். அந்த இடத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) சேர்த்தால், ஸ்வரம் கார்டோடு உரசிப் பாடலின் உணர்ச்சி கலைந்துவிடும். ஸ்வரத்தை நிமிர்த்தி, அசைக்காமல், அழுத்தாமல் நிறுத்துவது பத்து வயதிலிருந்து கமகம் பழகிய தொண்டைக்கு எவ்வளவு கடினம் என்பது பாடிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

குரலின் அளவும் அப்படித்தான். மும்பை சண்முகானந்தா அரங்கின் 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகளை மனத்தில் வைத்துத் திறந்து பாடிய குரலை, வாய்க்குச் சில அங்குலத் தொலைவில் இருக்கும் மைக்குக்காக ஒருவருடைய காதோடு பேசுவதுபோல் சுருக்க வேண்டும். மூச்சு இழுக்கும் ஓசைகூடப் பதிவாகும். காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலி ஓடிக்கொண்டிருப்பதால், கச்சேரியில் மிருதங்கக்காரர் அனுசரித்துக் கொடுக்கும் சிறு தளர்வும் கிடைக்காது.

சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. அது பாடியவரின் சுருதியை ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களில் மிக அருகில் உள்ளதை நோக்கி இழுக்கும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்தால்தான் தோடி. அந்த அசைவைப் பிழையென்று எடுத்துக்கொண்டு மென்பொருள் படிப்படியாக வெட்டிவிட்டால், கேட்கச் சகிக்காது. பாடல் முழுவதிலும் சேர்த்து, வேண்டுமென்றே இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஒரு ஜாருவோ (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது) பிருகாவோ (வேகமான ஸ்வரக் கோவை) வைத்து, அந்த இடங்களில் திருத்தத்தை நிறுத்திவிடும்படி ஒலிப்பதிவாளரிடம் சொல்லலாம். எந்தெந்த இடம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் பாடகியின் வித்வத் தெரியும்.

கேள்வி: பாப் பாடினால் கமகம் போய்விடும் என்று வீட்டில் எச்சரிக்கிறார்கள். உண்மையா?
– ஒரு மாணவர், செம்பூர், மும்பை

பதில்: தங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனும், பம்பாய் ஜெயஸ்ரீயும் டி.ஆர். பாலாமணி அம்மையாரிடம் பாடம் கேட்டவர்கள். சங்கர் மகாதேவன் 1998இல் ‘ப்ரெத்லெஸ்’ என்ற பாப் ஆல்பத்தால் நாடெங்கும் அறியப்பட்டார். ஜெயஸ்ரீ 2001இல் ‘வசீகரா’ என்ற திரைப்பாடலைப் பாடிய பின்னரும் கச்சேரி மேடையை விடாமல் இருந்து, 2023ஆம் ஆண்டுக்கான மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். மும்பையில் வளர்ந்து, தாயாரிடம் கர்நாடக சங்கீதம் கற்ற ஹரிஹரனோ, 1996இல் லெஸ்லி லூயிஸுடன் சேர்ந்து வெளியிட்ட ‘கொலோனியல் கசின்ஸ்’ ஆல்பத்தில் ‘கிருஷ்ணா நீ பேகனே’ என்ற கர்நாடக இசைப் பாடலையே பாப் வடிவத்துக்குள் கொண்டுவந்தார்.

கமகத்தைக் கெடுப்பது சாதகத்தை விடுவது. காலையில் அகார சாதகமும் (‘ஆ’ என்று இழுத்துப் பாடும் பயிற்சி) வர்ணத்தை இரண்டு வேகத்தில் பாடுவதும் தவறாமல் நடக்கட்டும். மூச்சுக் கலந்த கிசுகிசுப்புக் குரலை மணிக்கணக்கில் பழகினால் தொண்டை களைத்துவிடும். ஆகவே ஒலிப்பதிவும் கச்சேரியும் அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம்.

கேள்வி: பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை நம் குரலில் பதிவு செய்து விற்க அனுமதி தேவையா?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: தேவை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி, ஒரு பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து முழு ஆண்டுகள் கழிந்த பின்னரே, உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமல், அவருக்கு முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுத்து மறுபதிவு செய்யலாம். ராயல்டி ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்குக் கணக்கிடப்படுவதால், சிறு கலைஞருக்கு இது பெரிய தொகையாகிவிடும். உரிமையாளரின் சம்மதமின்றிச் சொல்லையோ இசையையோ மாற்றவும் இந்தப் பிரிவு இடம் தராது. நடுவில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கல்பனாஸ்வரம் (கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) சேர்க்க விரும்பினால் அதையும் குறிப்பிட்டே சம்மதம் கேளுங்கள். இக்காலப் பாடல்கள் பலவும் ஐந்தாண்டு வரம்புக்குள் அடங்கிவிடும் என்பதால், கூடத்தை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.