பழைய டிவிடியை எம்பி4 ஆக மாற்ற எந்த மென்பொருளை வாங்கலாம்?

வாங்கவே வேண்டாம். உங்களிடம் இருப்பது வீட்டு விசேஷ டிவிடி, கணினியில் டிவிடி டிரைவ் இன்னும் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஹேண்ட்பிரேக் போதும். இலவசம், 2003-லிருந்து இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மேலூரில் நடந்த அக்கா மகள் காதணி விழா டிவிடியை மதுரை டவுனில் ஒரு கடையில் மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்த ஃபைலில் தாய்மாமன் சீர் தூக்கி வருகிறவர்கள் அத்தனை பேரும் பக்கவாட்டில் உப்பிப்போயிருந்தார்கள். தாய்மாமன் நான்தான், எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. பழைய டிவி வடிவமான 4:3 படத்தை அகல டிவி வடிவமான 16:9-க்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். தவில்காரர் கை அசையும்போதெல்லாம் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தது. கேட்டால், "பழைய டிவிடி சார், இவ்வளவுதான் வரும்."

அதே தட்டை வீட்டில் ஹேண்ட்பிரேக்கில் போட்டு மாற்றினேன், சுத்தமாக வந்தது. நம் ஊர் டிவிடிகள் பெரும்பாலும் பால் (PAL) என்கிற டிவி முறையில் இருக்கும்: 720x576, நொடிக்கு 25 ஃபிரேம். விசேஷ வீடியோக்களில் ஒவ்வொரு ஃபிரேமும் அநேகமாக ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக, வெவ்வேறு கணத்தில் பதிவானதாக இருக்கும். அசைகிற இடத்தில் பல் விழுவது அதனால்தான். ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 576பி25' என்ற தயார் அமைப்பை (ப்ரீசெட்) எடுத்து, ஃபில்டர்ஸ் பகுதியில் இந்தப் பல்லை நீக்கும் டீஇன்டர்லேஸ் போடுங்கள். படத்தின் அகல, உயர விகிதத்தைப் பார்த்துக்கொள்ளும் அனமார்ஃபிக்கை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டால் யாரும் குண்டாக மாட்டார்கள். தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் (RF) எண்ணை 20 வையுங்கள், எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். வீடியோவைச் சுருக்கும் புதிய முறையான எச்.265-இல் ஃபைல் சின்னதாக வரும்தான், ஆனால் பழைய டிவி பலவற்றில் ஓடாது, அதனால் அதற்கு முந்தைய எச்.264. கிராஃபிக்ஸ் கார்டு வழியாக மாற்றினால் சீக்கிரம் முடியும், அதே தரத்துக்கு ஃபைல் பெருக்கும். அவசரமில்லை என்றால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

"எஃப்எஃப்எம்பெக் தெரியாதா உனக்கு" என்று யாராவது கீழே கமெண்டில் வருவார்கள். கட்டளை தட்டி ஓட்டும் இலவச வீடியோ மென்பொருள்தானே, தெரியும் ஐயா. ஹேண்ட்பிரேக் வீடியோவை எப்போதும் புதிதாக என்கோட் செய்யும், அதாவது மறுபடி சுருக்கி எழுதும். எம்கேவி என்ற வேறு வகை ஃபைலை அப்படியே எம்பி4 ஆக்கினால் போதும் என்றால், எஃப்எஃப்எம்பெக்கில் படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றும் காப்பி முறைதான் சரி. சில நொடியில் முடியும், தரம் துளியும் குறையாது. கட்டளை தட்டப் பிடிக்காதவர்களுக்கு அதே வேலைக்கு லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் இருக்கிறது. காசு கேட்கிற கன்வர்ட்டர் பலவற்றின் உள்ளே ஓடுவதும் எஃப்எஃப்எம்பெக்தான். அவற்றின் சோதனைப் பதிப்பில் மாற்றினால் பல நேரம் படத்தின் மேல் கம்பெனி பெயர் வேறு வந்து உட்காரும். பூட்டுப் போட்ட சினிமா டிவிடியை ஹேண்ட்பிரேக் திறக்காது, அதை என்னிடம் கேட்காதீர்கள்.

வீடியோ நன்றாக வந்தது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். "மாப்ள, எனக்கு ஒரு காப்பி." பென்டிரைவ் மட்டும் யாரும் கொண்டு வருவதில்லை, நம்முடையதைத்தான் கொடுக்க வேண்டும். போனது போனதுதான். மொய்யை நோட்டுப் போட்டு எழுதுகிற ஊரில் பென்டிரைவுக்கு நோட்டு கிடையாது. திருமங்கலத்துச் சித்தப்பா வீட்டில் என் பென்டிரைவ் இன்னும் டிவியிலேயே சொருகியிருக்கிறது. கேட்டால், "அதுவா, டிவியோடு வந்ததுன்னு நினைச்சேன்" என்கிறார்.