பழைய ராணுவ லாரி எஞ்சினில் பாகங்கள் இல்லை. 'பழைய இருப்பு' பாகம் போடலாம் என்கிறார்களே, அது என்ன?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஓட்டிய ஜிஎம்சி சிசிகேடபிள்யூ லாரியை எடுத்துக்கொள்வோம். கார்பரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) டிஸ்ட்ரிபியூட்டரும் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் பாகம்) காணாமல் போயிருந்தாலும் அதை மறுபடி ஓட வைக்கலாம். அந்தக் காலத்திலேயே தயாராகி, எந்த வண்டியிலும் மாட்டாமல் டப்பாவிலேயே தங்கிவிட்ட பாகத்தைத்தான் 'பழைய இருப்பு' என்கிறார்கள்.

இத்தனை வருடம் கழித்தும் அது கிடைக்கக் காரணம் உண்டு. இந்த மாடல் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. போர்முனையில் ஒரு லாரியின் பாகம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்த வேண்டும். அதனால் உதிரிபாகங்களையும் ஒரே அளவில் மலைபோல் செய்து குவித்தார்கள். வீட்டு குக்கர் மாதிரிதான்: அதே மாடல், அதே லிட்டர் என்றால் எந்தக் கடை கேஸ்கட்டும் உட்காரும்.

ஆனால் பாகம் தேடும் முன் எஞ்சினைப் பாருங்கள், இதுதான் முக்கியம். கார்பரேட்டர் இருந்த இடம் திறந்த ஓட்டை. மழைநீர் அதன் வழியே இறங்கி, பிஸ்டன் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவசரப்பட்டு ஸ்டார்ட்டரைத் தட்டாதீர்கள், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் உடையலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆறு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள்.

டப்பா பிரிக்காத பாகத்தை அப்படியே மாட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். இரும்புப் பாகத்துக்கு அது சரி. ஆனால் பெட்ரோல் பம்பின் ரப்பர் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) டப்பாவுக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும், அதைப் புதிதாகத்தான் போட வேண்டும்.