மழையில் பார், ஆடியில் பேசு

கேள்வி: சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்றிருக்கிறேன். மெல்பர்னில் இருக்கும் என் மகள், "வசந்த காலத்தில் வாங்குங்கப்பா, அப்போதுதான் நிறைய வீடு விற்பனைக்கு வரும்" என்கிறாள். நம் ஊருக்கு எந்தக் காலம் சரி?
- வாசகர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: வசந்த காலமா? சுங்கை சிப்புட்டிலா? ஐயா, வசந்தத்தை நாம் பார்த்ததெல்லாம் சினிமாப் பாட்டில்தான். இங்கே இலை உதிர்த்து மொட்டையாக நிற்பது ரப்பர் மரம். பிப்ரவரி, மார்ச்சில் பால் குறையும். பால் வெட்டுகிறவர் கையில் காசும் குறையும். மறுபடி மரம் துளிர்க்கிறதே என்று யாரும் வீடு விற்கக் கிளம்பியதில்லை.

வசந்தம் வேண்டுமென்றால் வீடமைப்பு நிறுவனங்களின் விளம்பரத் தாளில் கிடைக்கும். செம்பனைத் தோட்டத்தை வெட்டித் தள்ளிய இடத்துக்கு 'ஸ்பிரிங்' என்று பெயர். மேடே இல்லாத இடம் 'ஹில்ஸ்'. வாசலில் இரண்டு பூந்தொட்டி வைத்தால் 'கார்டன்'. 'லேக்' என்று பெயர் வைத்தவரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நவம்பரில் போய்ப் பாருங்கள், ஏரி இருக்கும். சில தமான் குடியிருப்புகளில் வரவேற்பறை வரைக்கும் இருக்கும். தோட்டத்தின் பழைய பெயரையே வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதிவிட்டேன். ஒரு விற்பனை அதிகாரி பதில் போட்டார்: "பழைய பெயரில் விற்காது சார், தோட்டத்து வாசனை அடிக்கும்." அந்த வாசனையில்தான் அவருடைய தாத்தா பிள்ளை குட்டிகளை வளர்த்திருப்பார்.

சரி, மகள் சொன்னதில் தப்பில்லை. மெல்பர்னில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். வீட்டைத் துடைத்து, தோட்டத்தைச் சீவி, ஏலத்துக்கு விடுவார்கள். வீடும் நிறைய வரும், வாங்குகிற கூட்டமும் நிறைய வரும். கூட்டம் குறைந்த குளிர்காலத்தில் பேரம் பேசுவது சுலபம் என்பதைச் சொல்ல மறந்திருப்பார்.

நம் பேராக் பக்கம் ஏப்ரல், மே. அப்புறம் அக்டோபர், நவம்பர். பிற்பகலில் இடி இடித்துக் கொட்டும். வீடு பார்க்க அதுதான் காலம். காலை பத்து மணி வெயிலில் எந்த வீடும் அழகுதான். மழை விட்ட கையோடு போங்கள். லோங்காங்கில், அதாவது வீட்டோரச் சாக்கடையில், தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா? புதுச் சாயத்தையும் மீறிச் சுவரில் ஈரம் தெரிகிறதா? பக்கத்து வீட்டு வாசலில் முழ உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்பு இருந்தால், அந்த அம்மாவிடம் எதற்கு என்று கேளுங்கள். ஏஜெண்டு சொல்லாததையெல்லாம் அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்.

பேரம் பேச ஆடி. இதைப் படித்தால் அடுத்த பக்கத்தில் ராசிபலன் எழுதும் நண்பர் என்னோடு பேச மாட்டார். போன ஆடியிலும் பேசவில்லை. அலுவலகம் நிம்மதியாக இருந்தது. நம்மவர் ஆடியில் வீட்டுப் பேச்சையே எடுக்க மாட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில் சீனர்களுக்குப் பேய் மாதம். அவர்களும் புது வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஏஜெண்டு ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். பண முடையில் விற்கிறவர் அப்போதுதான் இறங்கி வருவார். கைமாறும் வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டதிலிருந்து முழுப் பணத்தையும் கட்டி முடிக்க மூன்று மாதம், தள்ளிப்போனால் வட்டியோடு இன்னொரு மாதம் என்பது வழக்கம். சாவி வரக் கார்த்திகை ஆகிவிடும், தையில் பால் காய்ச்சலாம். பஞ்சாங்கத்துக்கும் பங்கமில்லை. 99 ஆண்டுக் குத்தகை நிலமாக இருந்து, கைமாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமென்றால், அது வந்த பிறகுதான் அந்த மூன்று மாதமே தொடங்கும். அதற்கு எந்தச் சோதிடராலும் நாள் குறிக்க முடியாது.

மகள் மெல்பர்னில் என்றால் உங்களுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வங்கிகள் பொதுவாக 70 வயதுக்குள் கடனை அடைக்கச் சொல்லும். அதனால் தவணைக் காலம் குறையும், மாதாமாதம் கட்டுவது ஏறும். முன்பணம் 10 விழுக்காடு, வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி எல்லாம் தனி. மாதத்தைப் பார்க்கும் முன் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள்.

சமயம் பார்த்து வாங்கியவர் உங்கள் ஊர்க்காரர்தான், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும் என்று நம் சனங்கள் கலங்கி நின்றார்கள். சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. சுங்கை சிப்புட்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் இன்றும் அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். அந்தப் பத்து வெள்ளியைப் பற்றி மூச்சு விடுவதில்லை.