கொழுந்தன் கையில் நம்பர் பச்சை: யாரைப் பார்ப்பது?

தங்கச்சி, கல்யாணமாகி சுங்கை சிப்புட் வந்து நாலு மாதம், கொழுந்தனுக்கு 15 வயது, பள்ளிக்கு மட்டம், கையில் குண்டர் கும்பலின் நம்பரைப் பச்சை குத்தியிருக்கிறான், போலீஸ் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நம்பர் விளையாட்டில்லை. 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைப் பட்டியலிட்டது. சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே 1966 சங்கச் சட்டப்படி குற்றம்.

பள்ளி, வெல்ஃபேர் (சமூகநல அலுவலகம்), போதைத் தடுப்பு அலுவலகம் எல்லாம் இங்கே உண்டு. ஆனால் ஒருவர் இன்னொருவருக்குத் தானாகப் போன் போடுவார் என்று நம்பி உட்காராதீர்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

முதலில் கவுன்சலிங் ஆசிரியர். கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனால் பேச்சு தண்டனையில்தான் முடியும். வராத நாட்கள், பேசிய தேதிகள் போட்டு மலாய் மொழியில் ஒரு கடிதம் கேளுங்கள். பள்ளிப் பதிவிலிருந்து பெயர் மட்டும் போய்விடக் கூடாது. அடுத்தது வெல்ஃபேர். போலீஸ் தலைமையகம் உங்கள் ஊரிலேயே இருப்பதால் இதுவும் அங்கேதான் என்று தேடுவார்கள். நிர்வாக மாவட்டம் கோலாகங்சார், அங்கே போக வேண்டும். பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை), பள்ளிக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் மூன்று நகல்.

அதற்குள் பிடிபட்டால்: 18 வயதுக்குக் கீழ் என்பதால் 2001 சிறார் சட்டம். பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் உடனே சொல்ல வேண்டும். பெரியவர்களோடு அடைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றம். பையன் குடிமகன்தானே, வாக்குமூலத்துக்கு முன் ஒய்பிஜிகே (தேசியச் சட்ட உதவி அறவாரியம்) இலவச வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள், ஒருவராவது பெண். குற்றம் உறுதியானால், தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்ப்பார்கள். பையன் வீட்டுக்கு வருவானா, தைப்பிங் துனாஸ் பக்தி போன்ற சீர்திருத்தப் பள்ளிக்கு மூன்று வருஷம் போவானா, சிறைத் துறையின் ஹென்றி கர்னி பள்ளிக்கா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு. ஆனால் குடும்பங்கள் கோட்டை விடுவதும் அங்கேதான்: அதிகாரி வரும்போது எல்லாரும் ஷிப்டில், வீடு பூட்டு, போன் நம்பர் மாறியிருக்கும். இல்லாவிட்டால், கடிதம் 40 நாள் மட்டம் என்று சொல்ல, அம்மா "தங்கமான பிள்ளை" என்பார். உள்ளதைச் சொல்லி, இனி யார் ராத்திரி வீட்டில் இருப்பார், எங்கே படிப்பான் என்று சொன்னால்தான் எடுபடும். நன்னடத்தை ஆணை ஒன்று முதல் மூன்று வருஷம். கையெழுத்துப் போடப் போகாமல் விட்டால் திரும்பவும் நீதிமன்றம்தான்.

படிப்பே ஏறவில்லை என்றால் களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியத்தை விசாரியுங்கள். இப்படிப்பட்ட பசங்களைத் தங்கவைத்துத் தொழில் கற்றுத்தருகிறார்கள். ராத்திரியில் அவசரம் என்றால் தாலியான் காசிஹ் என்ற அரசு உதவி எண் 15999, 24 மணி நேரமும்.

வெல்ஃபேருக்கு மாமியாரையோ மாமனாரையோ கூட்டிப் போங்கள். அண்ணி கையெழுத்து செல்லாது. வெள்ளிக்கிழமை வேண்டாம், 12.15க்கு மூடினால் 2.45க்குத்தான் திறப்பார்கள்.